கரிக்குழலும் அதன் மேற்போர்வையும்

சென்ற ஆண்டு நம் கல்லூரித் தமிழ்ச் சங்கத்தின் கூட்டமொன்றில், பண்டைத் தமிழரின் அறிவுத்திறன் என்னும் பொருள்பற்றிப் பேசும் பேறு எமக்கு வாய்த்தது. கீழடியிற் கிடைத்த பானையோடுகளின் கரும்பூச்சில் நானோ கரிக்குழல்கள் உளவென்று அறிஞர் கண்ட செய்தியை எடுத்துரைத்து, மேனாட்டார் நேற்றுக் கண்ட நுண்பொருளை எம் முன்னோர் இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகட்கு முன்னரே கையாண்டனர் என்றும், நானோ நுட்பத்தின் தாயகம் வைகைக் கரையே என்றும் முழங்கினோம். மன்றம் கைதட்டலால் அதிர்ந்தது. அம்மகிழ்ச்சி ஒரு நாழிகையும் நிலைத்திலது. கூட்டம் கலைந்தபின் தாழ்வாரத்தில் எதிர்ப்பட்ட பௌதிகப் பிரிவு நண்பர் ஒருவர், முகத்திற் குறும்பு சிறிதுமின்றி, "அக்குழல்களை நீரிலிட்டு இரு முனைகளுக்கிடையே மின்சாரம் பாய்ச்சினால் அவை எம்முனையை நோக்கி நகரும்?" என்று வினவினார். யாம் விழித்தோம். "நகருமா?" என்று எதிர்வினா விடுத்தது எம் அறியாமையை இன்னும் தெளிவாகக் காட்டிற்று. "அறிந்து வந்து சொல்லும்" என்று கூறி அவர் நகர்ந்தார்.

அவ்வினா எம்மைப் பல இரவுகள் உறங்கவொட்டாது செய்தது என்று எழுதினால் அது மிகைக் கூற்றாகும். ஆனால் கைதட்டலின் சுவை அன்று மாலையே கசந்தது என்பது உண்மை. ஒரு பொருளை நம் முன்னோர் பெற்றிருந்தனர் என்று பெருமை பேசுகின்ற நாம், அப்பொருளின் ஒழுக்கம் யாதென்று அறிய ஓரடியேனும் எடுத்து வையாதிருப்பது முறையோ என்பதே இக்கட்டுரையின் கேள்வி. முறையன்று என்பதே எம் கொள்கை. தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவர்க்கு மின்சாரத்தோடு என்ன தொடர்பு என்று நகுவார் சிலர் உளர். அவர்கள் ஈற்றுவரை பொறுத்தருள்க.

முதற்கண், மேடையில் யாம் கூறியவற்றுள் மெய் எவ்வளவு என்று பார்ப்போம். 2020ஆம் ஆண்டில், வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் 'சயன்டிபிக் ரிப்போர்ட்ஸ்' என்னும் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கி.மு. ஆறாம் நூற்றாண்டளவினவாகக் கருதப்படும் கீழடி ஓடுகளின் கருநிறப் பூச்சில், ஒற்றைச் சுவர்க் குழல்களும் பல சுவர்க் குழல்களும் காணப்பட்டன என்பதே அதன் சாரம். தாவரச் சாறு ஏதேனும் பூசப்பட்டுச் சூளையின் பெருவெப்பத்திற் கரியானமையால் இவை தோன்றியிருக்கலாம் என்று அவர்கள் கருதினர். அவர்கள் எழுதியது இவ்வளவே. குயவர் குழலை அறிந்து சமைத்தனர் என்று அவர்கள் எழுதிற்றிலர். அதனைச் சேர்த்தது எம் நாவே.

குழல் என்பது யாது? பென்சிலின் கரியாகிய கிராபைட்டில், கரியணுக்கள் தேனடையின் கண்கள்போல அறுகோணமாகப் பின்னிய தாள்கள் ஒன்றன்மேலொன்றாய் அடுக்கப்பட்டுள்ளன. அத்தாளுள் ஒன்றை எடுத்துப் பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி விளிம்போடு விளிம்பு பொருத்தினால் அதுவே குழல். ஒற்றைச் சுவர்க் குழலின் குறுக்களவு ஏறக்குறைய 1 நானோமீட்டர்; நம் தலைமயிரின் தடிப்போ அதனைப்போல் எண்பதாயிரம் மடங்கு வரும். நீளம் மட்டும் குறுக்களவினும் ஆயிரம் மடங்காக வளரும். பாயை நேரே சுருட்டுவதற்கும் சாய்த்துச் சுருட்டுவதற்கும் வேறுபாடு உண்டன்றோ? அவ்வேறுபாட்டால் சில குழல்கள் உலோகம்போல மின்சாரத்தைக் கடத்தும். சில சிலிக்கான்போலக் குறைக்கடத்திகளாய் நிற்கும். கலந்து விளையும் குழல்களில் மூன்றிலொரு பங்கு உலோக இனம். ஏனைய இரு பங்கு குறைக்கடத்தி இனம். 1991ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டுச் சுமியோ இஜிமா இவற்றை உலகறியச் செய்தார். 1952ஆம் ஆண்டிலேயே இரஷ்ய அறிஞர் இருவர் இத்தகைய குழல்களின் படத்தை வெளியிட்டிருந்தனர் என்பது பின்னரே பலர்க்கும் தெரிந்தது.

இனி, எம் முழக்கத்தின் நோய்ப்பகுதிக்கு வருவோம். எரிவாயு அடுப்பின் தீக்கொழுந்திலிருந்து எழும் புகையிலும் பல சுவர்க் கரிக்குழல்கள் உள்ளன என்று 2004ஆம் ஆண்டளவில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் காட்டினர். அங்ஙனமாயின் நம் விடுதிச் சமையற்காரரும் நானோ விஞ்ஞானியே ஆவர். 2006ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துப் பேராசிரியர் பௌஃப்ளர் குழுவினர், பதினேழாம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாளொன்றின் துணுக்கை அமிலத்திற் கரைத்துப் பார்த்து அதனுள்ளும் கரிக்குழல்களைக் கண்டனர். அவ்வாட்களுக்குரிய உருக்கு தென்னிந்தியாவினின்றும் ஈழத்தினின்றும் கப்பலேறியது. மேனாட்டார் அதனை 'ஊட்ஸ்' என்றனர். மின்னியலின் தந்தையருள் ஒருவரான மைக்கேல் ஃபாரடேயே 1819ஆம் ஆண்டில் அவ்வுருக்கைப் பகுத்தாராய்ந்து கட்டுரை வரைந்தார். அதன் வலிமைக்கு அவர் கூறிய காரணம் பின்னர்ப் பிழையெனப்பட்டது. ஃபாரடேயின் கையில் இருந்த உருக்கையே அவரால் முற்றும் அறிய இயலாதாயின், கையிலிருத்தல் வேறு, அறிதல் வேறு என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இங்ஙனம் கூறுவதால் கீழடிக் குயவரை யாம் இழித்தோம் என்று எவரும் கொள்ளற்க. பானையின் உட்புறம் கருமையும் வெளிப்புறம் செம்மையும் பெறுமாறு சூளையிற் காற்றை ஓரிடத்தே தடுத்தும் ஓரிடத்தே விடுத்தும் சுடுதல் எளிய செயலன்று. ஈராயிரத்தைந்நூறு ஆண்டு மண்ணிற் கிடந்தும் உதிராத பூச்சைத் தந்த கை தேர்ந்த கையே. அது தீயை அறிந்த அறிவு. அவ்வறிவுக்குரிய பெருமையை அளிப்பதை விடுத்து, அவர் கேட்டுமறியாத வேறொன்றை அவர்மேல் ஏற்றிப் புகழ்வது, புலவர் ஒருவரை அவர் பாடாத பாட்டுக்காகப் பாராட்டுவதனையொக்கும்.

நண்பரின் வினாவுக்கு விடை தேடப் புகுந்தபோது, அதன் முதற்படி எம் வீட்டுப் பானையிலேயே இருக்கக் கண்டோம். எம் இல்லம் சென்னீர்குப்பத்தில் உள்ளது. பூந்தமல்லியினின்று ஆவடி நோக்கிச் செல்லும் பெருவழியில் உள்ள ஊர் அது. ஊர்ப்பெயரைச் 'செந்நீர்' என்று பிரித்து, மழைநாளில் இங்கு ஓடும் கலங்கல் நீரே பெயர்க்காரணம் என்று எழுத எம் பேனா துடிக்கின்றது. கல்வெட்டுச் சான்றின்றி ஊர்ப்பெயர்க்குப் பொருள் கூறற்க என்று எம் ஆசிரியர் கற்பித்தது கையைப் பிடித்துத் தடுக்கின்றது. பெயர் எவ்வாறாயினும் ஐப்பசி கார்த்திகையில் நீர் கலங்குவது மெய். அதனைக் குவளையில் ஏந்தி வைத்தால் மணல் உடனே படியும். நுண்ணிய களிமண்ணோ மறுநாட் காலையிலும் மிதந்துகொண்டேயிருக்கும். எம் பாட்டியார் தம் இளமையிற் கிணற்று நீரைத் தெளிவித்த முறையைப் பலகாற் கூறியதுண்டு. தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தே இழைத்து வைத்தால் ஒரு சாமத்தில் நீர் பளிங்காகும் என்பார். கலித்தொகைப் புலவர்க்கும் இது தெரிந்த செய்தியே. கலங்கித் தெளிந்த நெஞ்சுக்கு அதனை உவமையாக்கினார்.

களிமண் ஏன் படியாது மிதக்கின்றது? அதன் துகள் ஒவ்வொன்றும் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் உடையது. ஒத்த ஊட்டமுடையவை ஒன்றையொன்று தள்ளுதல் இயற்கை. ஆகவே அவை ஒன்று கூடிப் பருத்துக் கனத்து விழ இயலாமல் தனித்தனியே அலைகின்றன. படிகாரத்தை இட்டால், அதனிலிருந்து பிரியும் அலுமினிய அயனிகள் நேர் ஊட்டமுடையனவாதலின் துகளின் ஊட்டத்தைத் தணிக்கின்றன, தள்ளுதல் ஒழிகின்றது, துகள்கள் திரண்டு வீழ்கின்றன. முருங்கை விதையிலுள்ள புரதமும் நேர் ஊட்டத்தாலேயே இவ்வேலையைச் செய்கின்றது. தேற்றாங்கொட்டையும் அங்ஙனமே செய்கின்றது என்று யாம் எழுதி முடித்திருந்தோம். பின்னர் ஆராய்ச்சி நூலிற் பார்த்தபோது, அக்கொட்டையின் நெடுமூலக்கூறுகள் தாமும் எதிர் ஊட்டமுடையன என்றும், அவை துகளுக்கும் துகளுக்கும் இடையே பாலம்போல நின்று பிணைக்கின்றன என்றும் அறிந்தோம். ஆகவே எழுதியதை அடித்தோம். கலித்தொகைப் புலவர் விளைவை அறிந்தார். அஃது அவர் உவமைக்குப் போதும். விளைவு ஒன்றாயினும் காரணம் வேறு வேறாதல் கூடும் என்பதனை அறியத் துகளின் ஊட்டத்தை அளந்து பார்த்தலன்றி வேறு வழியில்லை.

அளப்பது எவ்வாறு? ஓடவிட்டுப் பார்த்து அளப்பதே. 1807ஆம் ஆண்டில் மாஸ்கோ நகரில் ராய்ஸ் என்னும் அறிஞர் ஈரக் களிமண்ணில் இரு கண்ணாடிக் குழாய்களை ஊன்றி, நீர் நிரப்பி, மின்கலவடுக்கின் இரு முனைகளையும் அவற்றுள் விட்டார். நேர்முனைக் குழாயில் நீர் கலங்கியது. களிமண் துகள்கள் அம்முனை நோக்கி எழுந்தன. எதிர்முனைக் குழாயில் நீர்மட்டம் உயர்ந்தது. துகள் ஒருபுறம், நீர் மறுபுறம். மின்புலத்தில் ஊட்டமுடைய துகள் நகரும் இந்நிகழ்ச்சியையே மின்துகள் நகர்ச்சி என்கிறோம். இரத்தப் புரதங்களை இவ்வழியாற் பிரித்துக் காட்டிய சுவீடன் நாட்டுத் திசேலியசுக்கு 1948ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. பூந்தமல்லிப் பெருவழியில் ஓடும் மோட்டார் வண்டிகளின் இரும்புடலுக்கு இடும் அடிப்பூச்சும் பெரும்பாலும் இம்முறையினதே. ஊட்டமுடைய வண்ணத் துகள்கள் தொட்டியினுள் இரும்பைத் தேடிச் சென்று ஒட்டுகின்றன.

கரிக்குழல் வாங்க எம்மிடம் பொருளில்லை. ஆயினும் கரியுண்டு, தமிழ் மாணவரிடம் மை இல்லாமற் போகுமா? புகைக்கரியைப் பசையோடு கலந்து செய்யும் சித்திரக்காரர் மையை நீர்விட்டுக் கரைத்து, நண்பரின் துணையோடு, நம் பௌதிக ஆய்வுக்கூடத்தில் வளைந்த கண்ணாடிக் குழாயொன்றின் அடியில் நிரப்பினோம். அதன்மேல் இருபுறமும் தெளிந்த நீரை மெல்ல விட்டு, அந்நீரில் முனைகளைத் தோய்த்தோம். முதற் கால்மணி நேரம் ஒன்றும் நிகழவில்லை. எமக்கு வகுப்புக்குப் போகும் எண்ணமும் வந்துவிட்டது. பின்னர்ப் பார்த்தபோது, ஒருபுறம் கருங்கோடு மேலே ஏறியிருந்தது; மறுபுறம் அவ்வளவே இறங்கியிருந்தது. ஒரு மணி நேரத்தில் ஏறியது ஒரு விரற்கடை. ஏறிய பக்கம் நேர்முனை. நண்பர் முனைகளை மாற்றினார், ஏறியது இறங்கலாயிற்று. வேறொரு குவளை மையில் படிகாரக் கரைசலைச் சில துளி விட்டபோது கரி செதில் செதிலாகத் திரண்டு அடியில் அமர்ந்தது. நூலிற் பலமுறை படித்ததனைக் கண்ணால் ஒருமுறை காணும்போது உண்டாகும் நாணம் கலந்த மகிழ்ச்சியை அன்று அறிந்தோம்.

இனிக் குழலின் கதை. தூய கரிக்குழலுக்கு இயல்பாக மின்னூட்டம் இன்மையின், நண்பரின் வினாவுக்கு நேர்விடை கிடையாது. நீரிலிட்டால் அது நீரோடு பொருந்தாது தன்னினத்தோடு கற்றையாய்ச் சுருண்டுகொள்ளும். நீரிற் பிரிந்து நிற்க வேண்டின் அதற்கு ஒரு போர்வை வேண்டும். நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த நீரிற் காய்ச்சினால் குழலின் முனைகளிலும் பழுதுற்ற இடங்களிலும் கார்பாக்ஸில் தொகுதிகள் தோன்றும். அவை நீரில் தம் ஹைட்ரஜன் அயனியை இழந்து எதிர் ஊட்டம் பெறும். குழல் நேர்முனைக்கு ஓடும். அதே நீரை மிகுந்த புளிப்புடையதாக்கினால் ஹைட்ரஜன் அயனிகள் மீண்டு வந்து ஒட்டும், ஊட்டம் ஒழியும், ஓட்டமும் ஒழியும், குழல்கள் கற்றையாகி விழும். சோப்பு இனத்துப் பொருள்களாலும் போர்வை இடலாம். சோடியம் டோடெசில் சல்பேட் என்பதன் வால் கரியைப் பற்றும். எதிர் ஊட்டமுடைய தலை வெளியே நிற்கும். அக்குழல் நேர்முனை நோக்கிச் செல்லும். செடில் ட்ரைமெதில் அம்மோனியம் புரோமைடில் தோய்த்த குழலோ நேர் ஊட்டம் பூண்டு எதிர்முனைக்குச் செல்லும். குழல் ஒன்றே. கிழக்கே செல்வதும் மேற்கே செல்வதும் அது உடுத்ததைப் பொறுத்தது.

வேகமும் அப்படியே. ஊட்டமுடைய பரப்பைச் சூழ மாற்று ஊட்டமுடைய அயனிகள் மேகம்போலத் திரண்டு நிற்கும். மின்புலம் குழலை ஒருபுறம் இழுக்கும்போது அம்மேகத்தை மறுபுறம் இழுக்கும். மேகத்தோடு நீரும் எதிர்த்து நகரும். ஆகவே ஓடும் குழல் எதிர்காற்றில் ஓடுவதாயிற்று. குழலின் முழு ஊட்டமன்று, மேகத்தினுட்பட்டு வழுக்கி நகரும் எல்லையில் எஞ்சி நிற்கும் மின்னழுத்தமே வேகத்தை நிர்ணயிக்கும். அதனைக் கிரேக்க எழுத்தாகிய ஸீட்டாவால் குறிப்பர். 1903ஆம் ஆண்டில் போலந்து நாட்டு ஸ்மொலுகோவ்ஸ்கி வகுத்த விதிப்படி, மெல்லிய மேகத்தையுடைய துகளின் வேகம் இவ்வழுத்தத்திற்கும் மின்புலத்திற்கும் நேர்விகிதமாகவும் நீரின் பிசுப்பிற்குத் தலைகீழ் விகிதமாகவும் அமையும். அழுத்தம் 50 மில்லிவோல்ட்டாகவும், புலம் சென்டிமீட்டருக்கு 10 வோல்ட்டாகவும் இருப்பின் நொடிக்கு ஏறக்குறைய 40 மைக்ரோமீட்டர் என்று கணக்கு வரும். ஒரு மில்லிமீட்டரைக் கடக்க 25 நொடி. எறும்பு நகைக்கும் வேகமே. ஆனால் குழலின் குறுக்களவோடு ஒப்பிட்டால் நொடிக்கு நாற்பதாயிரம் மடங்கன்றோ!

உப்பைச் சேர்த்தால் மேகம் சுருங்கிக் குழலை ஒட்டி அணைத்து ஊட்டத்தை மறைக்கும். ஒரு லிட்டர் நீரில் ஆயிரத்திலொரு மோல் உப்பு இருக்கும்போது மேகத்தின் தடிப்பு சுமார் 10 நானோமீட்டர். பத்திலொரு மோல் இருக்கும்போது 1 நானோமீட்டர். உப்புக் குறைந்த நீரில் 1 நானோமீட்டர்க் குழல் தன்னினும் பன்மடங்கு தடித்த மேகத்தின் நடுவே கிடக்கின்றது. அந்நிலையில் அது கிடக்கும் கிடையும் கணக்கில் வரும். 1931ஆம் ஆண்டில் ஹென்றி காட்டியபடி, புலத்தின் திசைக்கு நெடுகக் கிடக்கும் உருளையைவிடக் குறுக்கே கிடக்கும் உருளையின் வேகம் பாதியளவுக்குக் குறையக்கூடும். நல்வாய்ப்பாக, வலிய மின்புலம் குழலைத் தன் திசையிலேயே திருப்பி நிறுத்தவும் வல்லது.

இதுவரை கூறியது போர்வை ஓட்டுவிக்கும் கதை. போர்வை ஏமாற்றும் கதை இனி வருவது. எமக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதைக் கண்டிருக்கிறோம். துணுக்கிற்கு ஊட்டம் இல்லை. ஆயினும் சீப்பினருகே வலிதாயும் அப்பால் மெலிதாயும் உள்ள சீரற்ற புலம் துணுக்கினுள் இருமுனைகளைத் தோற்றுவித்து இழுக்கின்றது. இதனையொத்த நிகழ்ச்சிக்கு 1951ஆம் ஆண்டில் போல் என்பார் தனிப்பெயர் இட்டார். நீரினும் எளிதில் மின்முனைப்படும் பொருள் வலிய புலத்தை நோக்கி இழுக்கப்படும். நீரினும் குறைவாக முனைப்படும் பொருள் தள்ளப்படும். அங்ஙனமாயின் உலோகக் குழலையும் குறைக்கடத்திக் குழலையும் இதனாற் பிரிக்கலாமன்றோ? பிரித்தே காட்டினர். 2003ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரத்துக் க்ருப்கே குழுவினர், நொடிக்கு ஒரு கோடி முறை திசைமாறும் மின்புலத்தைச் செலுத்தியபோது, உலோகக் குழல்கள் மின்முனைகளில் வந்து ஒட்டின. குறைக்கடத்திக் குழல்கள் நீரிலேயே நின்றன.

ஆனால் திசைமாற்றத்தின் விரைவைக் குறைத்துப் பார்த்தபோது குறைக்கடத்திக் குழல்களும் முனைகளில் வந்து ஒட்டலாயின! உலோகமல்லாதது உலோகம்போல ஏன் நடந்தது? போர்வையே காரணம் என்று 2004ஆம் ஆண்டில் அவர்களே எழுதினர். சோப்பின் ஊட்டத்தைச் சூழ்ந்த அயனிகள் குழலின் மேனியெங்கும் இங்குமங்கும் ஓடுவதால், உள்ளே மின்சாரம் ஓடாத குழலும் புறத்தே ஓடுவதாய்த் தோன்றுகின்றது. புலம் மிக விரைந்து மாறும்போது அவ்வயனிகளால் உடன் ஓட இயலாது. அப்பொழுதே குழலின் உள்ளியல்பு வெளிப்படுகின்றது. 2006ஆம் ஆண்டில் வேறொரு குழுவினர் நேர் ஊட்டச் சோப்பையும் எதிர் ஊட்டச் சோப்பையும் அளவறிந்து கலந்து போர்வையின் ஊட்டத்தைத் தணித்து, பிரிக்கும் வேலையைத் திருத்தமாக்கினர். மேற்பரப்பின் ஊட்டத்தை அறியாதவன் கையில் உலோகமும் உலோகமல்லாததும் ஒன்றே என்பதற்கு இதனினும் வேறு காட்டு வேண்டா.

இவையனைத்தும் மேனாட்டார் செய்தனவே என்று சோர்வுறுவோர்க்கு ஒன்று கூறுவோம். 2003ஆம் ஆண்டிலேயே, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அஜய் சூத், சங்கர் கோஷ் முதலியோர் இதனைத் தலைகீழாக்கிப் பார்த்தனர். மின்சாரத்தால் குழலை ஓட்டாமல், கரிக்குழற் கற்றைமேல் நீரை ஓடவிட்டு மின்னழுத்தம் பிறக்கக் கண்டனர். அக்கட்டுரை 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. பெங்களூர் நமக்கு ஓரிரவுப் பயணமுமன்று. வைகைக் கரையின் பானையோட்டைப் பற்றி முழங்கிய நாவுக்கு, காவேரி நீர் குடிக்கும் ஊரின் இச்செய்தி தெரியாதிருந்தது எம் குறையே.

தமிழ் மாணவர் இத்துறையிற் செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்பாரோடும் யாம் உடன்படோம். யாம் இக்கட்டுரையில் ஊட்டம் என்று எழுதிய பொருளையே ஈழத்துத் தமிழர் தம் பள்ளி நூல்களில் ஏற்றம் என்று எழுதுகின்றனர். ஊட்டம் ஊட்டப்படுவது, ஏற்றம் ஏற்றப்படுவது. அமிலமும் சோப்பும் குழலுக்கு அளிப்பதனைக் கருதினால் ஊட்டம் என்பதே எமக்கு இனிக்கின்றது. எனினும் சுமை என்னும் குறிப்புத் தோன்ற நிற்கும் ஏற்றத்தையும் எளிதில் தள்ளிவிடுவதற்கில்லை. இதனை ஆராயச் சொல்லறிவு மட்டும் போதாது; மை ஏறிய அக்குழாயின் முன் ஒரு மணி நேரம் நின்றிருக்கவும் வேண்டும். தமிழ்ச் சங்கத்தில் முன்னோரின் விஞ்ஞானம் பற்றிப் பேச விரும்பும் மாணவர் எவரும், அதற்கு முன்னர் ஆய்வுக்கூடத்தில் அப்பொருள்பற்றி ஒரு சோதனையேனும் செய்து வரவேண்டும் என்று சங்கத்தார் விதி செய்தால் நன்று. கூட்டங்களின் எண்ணிக்கை குறையும் என்று செயலாளர் அஞ்சுகின்றார். குறையட்டும்.

சென்ற திங்களில் அதே தாழ்வாரத்தில் நண்பரை மீண்டும் கண்டோம். "அக்குழல் எம்முனை நோக்கி நகரும்?" என்று அவர் பழைய வினாவையே கேட்டார். "எந்த நீரில்? எந்தச் சோப்பில்? உப்பு எவ்வளவு? புளிப்பு எவ்வளவு?" என்று யாம் திருப்பிக் கேட்டோம். அவர் சற்றுநேரம் எம்மைப் பார்த்து நின்றார். பின்னர், "சனிக்கிழமை பிற்பகல் ஆய்வுக்கூடம் திறந்திருக்கும்; மைப்புட்டியை மறவாதீர்" என்றார்.